இரண்டாவது பாட்டில்

வலது தோள் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. இருபது வருடம் மூட்டை தூக்கிய தோள். ஒரு சலைன் பாட்டிலைத் தாங்க மாட்டேன் என்றது.

கையை இறக்கினால் மருந்து இறங்காது.

பாட்டிலிலிருந்து போன குழாய், இடிந்த மாடியின் இடுக்கில் கிடந்த தையல்காரரின் கையில் முடிந்தது. நேற்று மதியம் நிலம் ஆடியபோது ஒரு கான்கிரீட் தூண் அவர் தொடைகளின் மேல் விழுந்திருந்தது. வெளியே தெரிந்தது தலையும் நெஞ்சும் அந்த ஒரு கையும் மட்டும்.

"மூட்டை தூக்குறவன்னு பீத்திக்கிட்ட. ஒரு தூணைத் தூக்க வக்கில்ல. சோறுதான் திங்கிறியா?" என்று தையல்காரர் என்னைக் கிண்டலடித்தார்.

குப்புறப் படுத்து அவர் நாடியைப் பிடித்திருந்த நர்ஸ்தான் பதில் சொன்னாள்.

"இன்னும் ஒரு பாட்டில் போகணும்ண்ணே. பொறுத்துக்கங்க."

நசுங்கிய காலில் நஞ்சு தேங்கியிருக்கும். பாரத்தை எடுத்ததும் அது ஒரே பாய்ச்சலில் நெஞ்சுக்கு ஏறும். முதலில் மருந்து போக வேண்டும், பிறகுதான் தூக்க வேண்டும். காலையில் இதை அவள் எனக்கு ஓர் அறையோடு சேர்த்துச் சொல்லியிருந்தாள். கன்னம் இன்னும் எரிந்தது.

இரண்டாவது பாட்டிலை மாட்டியதும் தரை மறுபடி ஆடியது. மேலிருந்து கல்லும் மண்ணும் கொட்டின. கடப்பாரையோடு நின்றவர்கள் கத்தினார்கள்: தூக்கித் தொலைங்கய்யா, மனுசன் செத்துருவாரு.

தையல்காரர் கிண்டலை விட்டுவிட்டு அழுதார்.

"தம்பி, உன் கையக் காலா நினைச்சு கும்பிடுறேன். தூக்கிரு."

என் கையும் சேர்ந்தால் போதும், நெம்பிவிடலாம். நெம்பவில்லை. பாட்டிலை இன்னும் உயரப் பிடித்தேன். பல்லைக் கடித்ததில் வாயில் ரத்தம் கரித்தது.

கடைசிச் சொட்டும் இறங்கியது. நர்ஸ் தலையசைத்தாள். ஆறு பேர் தூக்கினோம்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அரை மணி நேரம். நாடி நிற்கவில்லை. நர்ஸ் மண்ணிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது அவர் என் சட்டையைப் பிடித்தார்.

"காலையில என் வீட்டுக்காரிய ஒருத்தர் ஒண்டியாவே தூக்கிட்டாராம். அவ சிரிச்சது உள்ள எனக்குக் கேட்டுச்சு. அந்தாளப் பாத்தா சொல்லு தம்பி, அவருக்கும் உனக்கும் நான் கடன்பட்டவன்னு."

ஸ்ட்ரெச்சர் போய்விட்டது.

சிரிக்கத்தான் செய்தாள். பாட்டில் வரட்டும் என்று நர்ஸ் தூரத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தாள். அதற்குள் அவர் மனைவியின் காலை நசுக்கியிருந்த சுவரைப் புரட்டி, அவளை இந்தத் தோளில் போட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மருத்துவக் கூடாரத்துக்கு நாற்பதடி இருக்கும்போது சிரிப்பு நின்றது.

கடன்பட்டவர் அவர் இல்லை. நான். அவருக்கு அவர் மனைவியின் உயிரைத் தர வேண்டியிருக்கிறது.