களைப்பில்லாத மாலை

அசதியாக இருக்கிறது என்று சொன்னால் சூப்பர்வைசர் நம்புவாரா? பூங்கோதைக்குச் சிரிப்புப் பொங்கியது. பத்து மணி நேரமாகப் பனியன்களில் தையல் விட்டுப்போன இடங்களைத் தேடிய கண்கள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. காலையில் நாக்கடியில் விட்ட, அசதியே வராமல் செய்யும் மருந்து எண்ணெய்ச் சொட்டின் வேலை அது. நரம்பு நுனிகளில் இருக்கும் குட்டிக் குட்டிக் கொழுப்புப் பைகள் காலியானதும் திரும்பி வந்து நிரம்பிக்கொள்வதாக அந்த மருந்தின் அட்டைப்பெட்டியில் படம் போட்டிருந்தது. இந்த நிமிடமும் எத்தனை லட்சம் பைகள் நிரம்புகின்றனவோ! அவளுக்கு மேசைமேல் ஏறி ஆட வேண்டும்போல் இருந்தது.

"அம்மிணி, இன்னொரு ஷிப்டும் பாத்துருங்க," என்றார் சூப்பர்வைசர் நாச்சிமுத்து.

"ஒரே அசதியா இருக்குங்க சார்."

அவர் அவள் மணிக்கட்டில் இருந்த, அசதியை அளக்கும் பட்டையைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. "பொய்யின்னாலும் பொருந்தச் சொல்லோணும் அம்மிணி. எந்திரிச்சுப் போனீங்கன்னா நாளைக்கு இந்த மேசையில வேற ஆளுதான்."

வேண்டாம் என்பதற்கு இத்தனை வருடமாக அவளிடம் இருந்த ஒரே சொல் அசதி. கணவனிடமும் மாமியாரிடமும் அதைத்தான் சொல்லித் தப்பித்தாள். இப்போது அதுவும் செல்லாது. ஜன்னலுக்கு வெளியே பொருட்காட்சி ராட்டினம் சுற்றத் தொடங்கியிருந்தது. அதன் உச்சியில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்த வேண்டும். இந்த ஆசைக்கு எந்த நோயின் பெயரைச் சொல்வது?

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மனசில் இருப்பது பயமா குதூகலமா என்று அவளுக்கே தெரியவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு இஷ்டமில்லீங்க சார்," என்றாள் மெதுவாக.