தங்கபுஷ்பத்துக்கு ஓர் அழைப்பு

ஹாக்கி, கைப்பந்து, ஓட்டம் என்று பல்கலைக்கழகத்துக்காக எல்லாவற்றிலும் இறங்கிய ஹெப்சிபாவுக்கு இப்போது அங்கேயே முன்னாள் மாணவர் சங்க அலுவலகத்தில் வேலை. வெள்ளிவிழாச் சந்திப்புக்காகப் பழைய ஆட்களைப் போனில் அழைத்துக்கொண்டிருந்தாள். தொடரோட்டத்தில் தன் கையில் கோலைத் தந்துவிட்டு, மைதானமே அதிர “ஓடுட்டீ!” என்று கத்தும் தங்கபுஷ்பத்தின் எண் ஒருவழியாகக் கிடைத்தது. கணவர் எடுத்தார்.

“ஓட்டக்காரியா? எம் பொண்டாட்டி அப்படியெல்லாம் ஓடுனவ கெடையாது. நம்பர் மாறிருக்கும்.”

“ஹெப்சிபா பேசுதேன்னு சொல்லி ஒரு நிமிஷம் குடுங்க, சார்.”

“யாருன்னு தெரியலியே,” என்று தங்கபுஷ்பம் அவரிடம் சொல்வது கேட்டது. இணைப்பு அறுந்தது.

சாயங்காலம் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“ஏட்டி ஹெப்சி, அவருக்கு ஒண்ணும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாலயே அம்மா மெடல எல்லாம் கெணத்துல போட்டுட்டா. இனிமே கூப்பிடாத, என்ன?”

“சரிட்டி.”

“நீ இப்பமும் ஓடுதியா?”

முழங்காலில் இரண்டு முறை கத்தி வைத்த பிறகு ஹெப்சிபா மாடிப்படிகூட ஏறுவதில்லை.

“ஓடுதேன்ட்டி,” என்றாள். “தெனமும்.”

தங்கபுஷ்பம் போனை வைக்கவில்லை.