செத்த சவரியப்பனின் ஓட்டு

“பேரு?”

“சவரியப்பன்” என்றான் இருசப்பன், தரையைப் பார்த்தபடி. சவரியப்பன் செத்து எட்டு வருஷம். பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் இவனும் ஒருத்தன்.

அதுகூடப் போகட்டும். ஓட்டுப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, இரண்டாம் தடவையாகச் சட்டசபைக்கு நிற்கும் வக்கீல் ஞானாதிக்கம் உட்கார்ந்திருந்தார். சாமியார் அங்கியைக் கழற்றி வக்கீலின் கறுப்புக் கோட்டு மாட்டியும் ஜனங்களுக்கு அவர் ‘வக்கீல் சாமி’தான். சவரியப்பன் குழியில் தீர்த்தம் தெளித்த சாமியாரும் அவரேதான்.

இருசப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. போன வருஷம் பாகூர்ப் பண்ணையார் சேரியைக் காலி செய்யப் பார்த்தபோது கோர்ட்டில் மல்லுக்கட்டித் தடுத்தவர் இந்த மனுஷன். அவருக்கா இந்தத் துரோகம்?

சவரியப்பன் பேரிலிருந்த ஓட்டுக் கார்டையும், வேட்பாளர் பேர் அச்சடித்து மடித்த ஓட்டுச் சீட்டையும் கொடுத்தது பண்ணைக் காரியக்காரர் பச்சையப்பன்.

“பிரிக்காத. அப்டியே பொட்டியில போடு. இல்லன்னா வூட்டக் காலி பண்ணிக்க.”

பிரித்தாலும் இருசப்பனுக்குப் படிக்கத் தெரியாது. பண்ணை கொடுத்தால் அது எதிராளி சீட்டாகத்தானே இருக்கும். கிளம்பும்போது பெண்டாட்டி அமிர்தம்தான் அழுதாள். “சாமி மொகத்துல எப்டிய்யா முழிப்ப?”

போன வாரம்கூட வக்கீல் சாமியின் மோட்டார் பண்ணையார் வாசலில் ரொம்ப நேரம் நின்றது. நமக்காகச் சண்டை போடுகிறார் என்று சேரியே பூரித்தது.

“இன்னாய்யா முழிக்கிற? நீதான் சவரியப்பன்னு இங்க யாருக்குத் தெரியும்?” என்றார் மேசை அதிகாரி. வாசல் போலீஸ்காரன் நிமிர்ந்தான். கரையாம்புத்தூர் வழியாகப் பிரெஞ்சு எல்லை தாண்டி இங்கிலீஷ்காரன் பக்கம் ஓடிவிடலாமா என்றிருந்தது இருசப்பனுக்கு.

வக்கீல் சாமி எழுந்து வந்தார். இருசப்பன் தலையைத் தொங்கப்போட்டான். ஜெயிலுக்கே போனாலும் சரி, இந்தச் சீட்டு பெட்டியில் விழக்கூடாது.

“எனக்குத் தெரியும். சவரியப்பன்தான். என் பழைய பங்குக் கோயில் ஆளு” என்றார் வக்கீல் சாமி, அதிகாரியிடம்.

இருசப்பனுக்குக் கண்ணீர் முட்டியது. தோற்கடிக்க வந்தவனையும் காப்பாற்றுகிறாரே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

“மன்னிச்சிடு சாமி. இத்த நான் போடமாட்டேன்” என்று முணுமுணுத்தபடி சீட்டைக் கசக்கப் போனான்.

வக்கீல் சாமி சட்டென்று அவன் கையைப் பிடித்தார். அவன் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

“கசக்காதப்பா. அதுல எம் பேருதான் இருக்கு.”