எட்டாவது கால்

வகுப்பறைச் சுவரில் ஒரு சிலந்தியும் ஒரு பல்லியும் குடியிருந்தன. பள்ளி விட்டதும், கரும்பலகையில் அழிக்காமல் விட்ட கூட்டல் கணக்குகளைச் சிலந்தி விளையாட்டாகப் போட்டுப் பார்க்கும். ஒவ்வொன்றாக எண்ணும்போது ஒவ்வொரு காலாகத் தூக்கும். ஏழு வரை ஒன்றும் ஆகாது. எட்டாவது காலையும் தூக்கியதும் பொத்தென்று கீழே விழும்.

அன்றைக்கு எட்டும் ஐந்தும் எவ்வளவு என்ற கணக்கு. சிலந்தி ஆறு முறை விழுந்துவிட்டது.

"சின்னக் கணக்கா எடுத்துப் போடேன்," என்றது பல்லி. "விடை வந்தா ஈ கிடைக்கப்போகுதா?"

"கிடைக்காதுண்ணே. ஆனா விடை தெரியாம எனக்கு ஈ இறங்காது."

ஏழாம் முறை ஏறியதும் சிலந்தி உத்தரத்தில் ஒரு நூலை ஒட்டி, அதில் தொங்கியது. எட்டுக் காலையும் தூக்கியது. விழவில்லை. எல்லாவற்றையும் மடக்கிக்கொண்டு, மறுபடி முதல் காலிலிருந்து ஐந்து எண்ணியது.

"பதிமூணு," என்றது அந்தரத்தில் ஆடியபடி.

பலகையின் ஓரத்தில் இரண்டும் இரண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது. பல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பொத்தென்று ஒரு சத்தம்.

"நாலு," என்றது தரையிலிருந்து பல்லியின் குரல்.