எகோசா பார்த்தது வரை

கறுப்புத் துணியை நைலான் பையிலிருந்து வெளியே எடுக்காமலே மேசை மேல் வைத்தார் ஒசாயுகி அண்ணன். பக்கத்தில் சடங்குக்கு ஒரு ஜின் பாட்டில், நாலு கோலாக் கொட்டை.

என் கணவன் எகோசாவின் அண்ணன். பை நிறையச் சாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வெளியே என்ன வெயில் என்கிறார்.

அந்தத் துணியை நான் கையில் வாங்கினால் எகோசா செத்துவிட்டான் என்று ஆகிவிடும். தலையை மழித்துக்கொண்டு தரையில் உட்கார வேண்டும். பெனின் நகரத்தில் பாதிப் பெண்களுக்குச் சடை பின்னிவிடுகிறவள் நான். போகட்டும், மயிர்தானே, முளைக்கும். எகோசா?

"சந்தாவக் கட்டிக் காட்டு. கோடு நகந்திருந்தா பையத் தூக்கிட்டுப் போயிடறேன். இல்லேன்னா இன்னிக்கே முடிச்சிருவோம்" என்றார்.

என் போனில் படம் பார்க்கிற ஆப் புதன்கிழமையிலிருந்து திறக்கவில்லை. மாதச் சந்தா முடிந்துவிட்டது. கட்டுவதா, விட்டுவிடுவதா என்று நாலு நாளாகப் பைத்தியம் பிடிக்காத குறை எனக்கு.

எகோசா இத்தாலிக்கென்று கிளம்பிப் பதினொரு மாதம் ஆகிறது. பாலைவனம் தாண்டி லிபியா வரைக்கும் பேசினான். நாளைக்குப் படகு என்றான். அதற்கப்புறம் பேச்சில்லை.

எங்கள் இரண்டு போனிலும் ஒரே சந்தாதான். அதில் அவன் பெயருக்கு ஒரு கட்டம், என் பெயருக்கு ஒரு கட்டம். லாகோஸ் குடும்பம் ஒன்றின் சண்டைத் தொடர் என்றால் அவனுக்கு உயிர். போகிற வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனான். எங்கே நிறுத்துகிறானோ, அங்கே படத்துக்கு அடியில் சிவப்புக் கோடு நிற்கும். என் போனிலும் தெரியும். கடைசியாகப் பேசிய அன்று ஒன்பதாவது எபிசோடில் நின்றது.

ஒரு மாதம் கழித்து அண்ணன் முதல் தடவையாகத் துணிப் பேச்சை எடுத்தார். நான் போனை நீட்டினேன். கோடு பத்தாவது எபிசோடுக்குப் போயிருந்தது.

மாமியார் நடுவீட்டில் ஆடினாள். அடுத்த ஞாயிறு சர்ச்சில் மைக்கைப் பிடித்து, தன் பிள்ளை உயிரோடிருக்கிறான், படம் பார்க்கிறான் என்று சாட்சி சொன்னாள். சபையே எழுந்து கைதட்டியது. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் ஆராதனை முடிந்ததும் இங்கே வந்து, கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்.

உயிரோடிருந்தால் ஏன் பேசவில்லை என்று அண்ணன் கேட்பார். கரை சேராதவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவான் என்று மாமியார் திருப்பிக் கேட்பாள்.

இன்றைக்கும் வந்துவிட்டாள். கையில் காசில்லை என்று சொல்லிப் பார்த்தேன். வருகிற வழியிலேயே, தெருமுனையில் குடை போட்டு உட்கார்ந்து பணம் அனுப்பித் தருகிற பெண்ணிடம் கொடுத்து என் கணக்கில் போடச் சொல்லிவிட்டாளாம். தொடர் இப்போது நன்றாகவே இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கட்டும்மா. எம் புள்ள எங்க நிக்கிறான்னு ஒரு தடவ பாத்துக்கறேன்" என்றாள் மாமியார்.

கட்டினேன்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கண்ணை மூடி ஜெபித்தாள். எனக்கு ஜெபம் வரவில்லை. கோடு நகர்ந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

ஆறு மாதமாக அதை நகர்த்தியவளே நான்தான்.

சனிக்கிழமைதோறும் கடையில் கூட்டம் குறைந்ததும், எகோசாவின் கட்டத்துக்குள் போய், சத்தத்தை அணைத்துவிட்டு அரை எபிசோட் ஓட்டுவேன். முதல் தடவை துணிக்குப் பயந்து செய்தேன். அப்புறம் அந்தக் கிழவி ஆடிய ஆட்டத்துக்குப் பயந்து. ஒவ்வொரு ஞாயிறும் அவள் திரையைத் தடவி முத்தமிடும்போது எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருக்கும். புதன்கிழமை சந்தா முடிந்ததும், முடிந்தால் முடியட்டும், இனி என்னால் ஆகாது என்று விட்டுவிட்டேன். அவனைச் சாகவிடலாம் என்றுதான் விட்டேன்.

ஆப் திறந்தது. எகோசாவின் கட்டத்தைத் தொட்டேன்.

இருபத்தைந்தாவது எபிசோட். கோடு முக்கால்வாசி தூரம் ஓடி நின்றிருந்தது.

"போன வாரம் இருபத்திரண்டு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு மாமியார் அழ ஆரம்பித்தாள். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பாட்டிலை விட்டுவிட்டுப் போனார்.

போன சனிக்கிழமை நான் விட்டதும் இருபத்திரண்டில்தான். அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தை நான் தொடவில்லை.

யாரோ பார்த்திருக்கிறார்கள், ஆண்டவரே. ஞாயிறோ திங்களோ, சந்தா முடிவதற்குள் மூன்று எபிசோட் பார்த்திருக்கிறார்கள். அவனாக இருக்கும். அவன் போனைப் பறித்தவனாகவும் இருக்கலாம். இல்லை, அவன்தான்.

மாமியார் என்னைக் கட்டிக்கொண்டாள்.

புதன், வியாழன், வெள்ளி, சனி. நாலு நாளும் அவன் அங்கே திறக்கப் பார்த்திருப்பான். இங்கே நான் கட்டாமல் வைத்திருந்தேன்.