பட்டையோடு ஒரு கிண்ணம்

"உங்க வீட்டுல யாருக்காச்சும் பேய் கீய் பிடிச்சிருக்கா? மறைக்காமச் சொல்லிருங்க."

மாலதி காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனதும் மாப்பிள்ளையின் அப்பா பெருமாள்சாமி கேட்ட முதல் கேள்வி அதுதான். சின்னாளபட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்து திண்டுக்கல்லுக்குப் பெண் பார்க்க வந்தவர். பையனைக்கூட அழைத்து வரவில்லை. அப்பா சரி என்றால் பையனுக்கும் சரியாம்.

"அய்யய்யே, அதெல்லாம் எங்க வகையிலயே கெடையாது" என்று மாலதியின் அம்மா பேச்சியம்மாள் பதறினாள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி எவர் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று மாலதி காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"கோவிச்சுக்கிறாதீங்க. எல்லாப் பயலும் ஒளிச்சுத்தான் பொண்ணக் கட்டிக் குடுக்குறான். நான் எவனையும் நம்புறதில்ல. என் சம்சாரத்தைப் பாருங்க. கட்டிட்டு வந்த நாள்லேருந்து என்னை எதுத்து ஒரு சொல்லு பேசினதில்ல. அம்புட்டு விசாரிச்சுக் கட்டினேன்."

அவர் மனைவி அங்காளம்மாள் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. மாலதியைப் பார்த்தபோது மட்டும் லேசாகச் சிரித்தாள்.

மிக்சரை அள்ளிய பெருமாள்சாமி, அது இருந்த கிண்ணத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இதென்னங்க, மரத்துலயா? விளிம்புல பட்டையக்கூட உரிக்கக் காணோம். ஆசாரி பாதியிலயே ஓடிப்போயிட்டானா?"

மாலதியின் அப்பா சுருளிவேல் இதற்காகத்தான் காத்திருந்தார். பூட்டுப் பட்டறை வேலை முடிந்து வீடு வந்தால் அவருக்குக் கொல்லையில் இருக்கும் கடைசல் எந்திரம்தான் எல்லாம். பழைய கிரைண்டர் மோட்டாரை மாட்டி அவரே செய்தது. கடைந்ததை விற்கமாட்டார். வெறும் ஆசை.

"வேணும்னேதான் விட்டேன். மரத்துண்டைப் பட்டையோட மாட்டிச் சுத்தவிட்டு, உள்ள கடைஞ்சுக்கிட்டே போகணும். மரம் எப்படி வளைஞ்சிருந்துச்சோ அதே மாதிரி விளிம்பும் ஏறி எறங்கி வரும். உளி செத்த அழுந்துனாலும் பட்டை தெறிச்சிரும். தெறிச்சா அடுப்புக்குத்தான்."

"அப்ப இந்த ஓட்டை? சுத்தி மை கொட்டுன மாதிரி வேற இருக்கு. ஓட்டைய மறைக்கத்தான் மிக்சரா?"

பேச்சியம்மாள் கணவரைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். கிண்ணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்த மனுசனுக்கு எதிரில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது.

"அங்க ஒரு ஆணி இருந்துச்சுங்க. பட்டை மூடி வளந்திருந்ததால வெளிய தெரியல. என் உளி வாயே போச்சு! குறடு வெச்சுப் புடுங்கிப் பாத்தா, ஆணியச் சுத்திப் பொம்பள முடி!"

பெருமாள்சாமி கையிலிருந்த மிக்சர் தரையில் சிதறியது.

"புளியமரமா?"

"ஆமா."

பேய் பிடித்தவளின் உச்சிமுடியைப் பிடுங்கிப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். ஆணி இருக்கும்வரை பேய் அடங்கிக் கிடக்கும். பிடுங்கினால் வெளியே வந்துவிடும். இந்தப் பக்கம் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

"அடப்பாவி மனுசா! வயசுப் பொண்ணு இருக்குற வீட்டுல பேய அவுத்து விட்டுருக்க. அந்தக் கிண்ணத்துல எங்களுக்கு மிக்சர் வேறயா? ஏ அங்காளம்மா, எந்திரி! இந்தச் சம்பந்தமே வேணாம்."

வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே மாலதி விசும்புவது கேட்டது. சுருளிவேல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார்.

அங்காளம்மாள் எழுந்திருக்கவில்லை.

"எந்த ஊரு மரமுங்க அது?" என்று சுருளிவேலிடம் கேட்டாள்.

"தொப்பம்பட்டிப் பக்கம்மா. ரோட்டை அகலம் பண்ண வெட்டிப் போட்டிருந்தாங்க. கருப்பராயன் கோயில் முக்குல நின்ன மரம்."

"ஆணி இருக்குதுங்களா?"

"ஏ கழுத, உனக்கென்ன அதைப் பத்தி? வா வெளிய!" என்று வாசலிலிருந்து கத்தினார் பெருமாள்சாமி.

அவள் காதிலேயே வாங்கவில்லை. சுருளிவேல் தயங்கித் தயங்கி அலமாரியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே துருப்பிடித்த ஆணி. அதில் சுற்றியிருந்த முடியை அங்காளம்மாள் விரலால் நீவிப் பார்த்தாள். பிறகு, தன் கொண்டையை அவிழ்த்து உச்சியை விலக்கிக் காட்டினாள். அங்கே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடியே இல்லை.

"எம் முடிதானுங்க" என்றாள்.

பேச்சியம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பெருமாள்சாமி வாசலிலிருந்து தலையை நீட்டினார்.

"அது... அது கொதிக்கிற எண்ணெ பட்ட தழும்புன்னுல்ல உங்கப்பன் சொன்னான்!"

கணவன் பெயரை இதுநாள்வரை வாயால் சொல்லியறியாத அங்காளம்மாள், நிமிர்ந்து அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"டேய் பெருமாள்சாமி, கத்தாம வந்து உக்காரு. பொண்ணு எனக்குப் புடிச்சுப்போச்சு."

ஒற்றைக் காலில் செருப்போடு பெருமாள்சாமி உள்ளே வந்து உட்கார்ந்தார்.