இரண்டு கொடி போர்த்திய அண்ணன்

தீவு யாருக்கென்று இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே கலங்கரை விளக்கம் பார்த்துவந்த என் அண்ணன் செத்துப்போனான். நம் அதிகாரிகள் நம் கொடி போர்த்திப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். முகம் பார்த்துப் புதைத்தோம்.

மறுவாரம் எதிர்நாடு தன் கொடி போர்த்தி இன்னொரு பெட்டி அனுப்பியது. அதிலும் அண்ணன்தான். புருவத்தில் அதே தழும்பு.

“இது போலிம்மா, வாங்காதீங்க,” என்றார் நம் அதிகாரி.

அண்ணி பல்லைக் கடித்தாள். “உயிரோட இருந்தப்ப ஒரு குடம் தண்ணி அனுப்ப ரெண்டு பேருக்கும் வக்கில்ல. பொணத்துக்கு மட்டும் போட்டியா?”

அதையும் பக்கத்திலேயே புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். போன் அடித்தது. நான் எடுத்தேன். அலைச் சத்தத்துக்கு நடுவே அண்ணன் எரிந்துவிழுந்தான்.

“எவன் நாடா இருந்தா எனக்கென்னடா? ஒரு படகு அனுப்பச் சொல்லு.”